பழைய கண்ணாடியிழை ஃபிளை ராடுகள்: வெள்ளைக் கோலிலிருந்து கரிய கோல் வரை

ஆற்றங்கரை (மிச்சிகன்)

அனைவருக்கும் வணக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்தக் குளிர்காலத்தில் காலமானார். கராஜைக் காலி செய்த அவருடைய மகள், "அப்பா உங்களுக்குத்தான் இதைக் கொடுத்திருப்பார்" என்று ஒரு துணிப்பையை என் கையில் வைத்தார். உள்ளே இரண்டு துண்டாக ஒரு ஃபிளை ராட், அதாவது பூச்சிபோல் கட்டிய தூண்டிலை நூலோடு வீசி மீன் பிடிக்கும் கோல், இருந்தது. பால்வெள்ளை நிறம். கட்டைவிரலைக் கோலின் மேல் ஓட்டினால் மெல்லிய சுருள் வரிகள் தட்டுப்படுகின்றன. கார்க் பிடி அவருடைய கை பட்டுக் கறுத்திருக்கிறது. பிடிக்கு மேலே "ஷேக்ஸ்பியர் வொண்டர்ராட்" என்றும், சிறிய எழுத்தில் "ஹோவல்ட் முறை" என்றும் இருக்கிறது. அதற்கருகே எச்டிஎச் என்று மூன்று எழுத்துகள். உலோக மூட்டில் ஆண் பகுதி சிக்கிக்கொண்டு, இரண்டு துண்டுகளும் பிரிய மறுக்கின்றன.

நான் மூன்று ஆண்டுகளாகத்தான் ஃபிளை மீன்பிடிப்பில் இருக்கிறேன். கையில் இருப்பதெல்லாம் கிராஃபைட், அதாவது கார்பன் இழைக் கோல்கள். இது எந்தக் காலத்துக் கோல்? ஹோவல்ட் என்பவர் யார்? அந்த மூன்று எழுத்துக்கு என்ன பொருள்? இதைச் சுவரில் மாட்டிவைக்க எனக்கு மனமில்லை, ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பழங்கோல் (ஒன்டாரியோ)

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். மூட்டைப் பிரிக்கக் குறடு எடுத்துவிடாதீர்கள். நூல் ஓடும் வளையங்களைப் பிடித்துத் திருகவும் வேண்டாம். வழியைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கையில் இருப்பது கண்ணாடியிழைக் கோல்களின் மூத்த குடும்பம். ஆர்தர் ஹோவல்ட் ஒரு வேதியியலாளர். ஒகையோ மாநிலம் டொலீடோவில், லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு நிறுவனத்தின் பிளாஸ்கான் பிரிவில் செயற்கைப் பிசின்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிச்சிகனுக்கு மீன்பிடிக்கப் போனபோது அவருடைய மூங்கில் கோலின் நுனி முறிந்தது. போர் நடக்கும்போது மாற்று நுனிக்கு எங்கே போவது? ஆய்வுக்கூடத்தில் கிடந்த கண்ணாடியிழையையும் பிசினையும் கொண்டு தானே ஒரு நுனி செய்துகொண்டார். அது நன்றாக வேலை செய்தது. அந்த யோசனையைக் கலமசூவிலிருந்த ஷேக்ஸ்பியர் நிறுவனம் எடுத்துக்கொண்டு 1947-இல் வொண்டர்ராடாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. உங்கள் மாநிலத்திலேயே பிறந்த கோல் அது. பெரியவர் இருந்த ஊரிலிருந்து அதிகத் தொலைவு போயிருக்காது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடியை நூலாக இழுக்கும் தொழில் அப்போது மிகப் புதியது. டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தார். அழுத்தக் காற்று உருகிய கண்ணாடியில் பட்டு மெல்லிய இழைகளாகச் சிதறியது. நடந்தது 1932-இல். ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் உருவானது 1938-இல். அதற்குப் பத்தாண்டுகூட ஆகாமல் அந்த இழை ட்ரவுட் மீன் பிடிக்க ஆற்றுக்கு வந்துவிட்டது. ராடார் மூடிகளுக்கும் விமானப் பாகங்களுக்கும் போர்க்கால ஆராய்ச்சி கொடுத்த வேகம்தான் காரணம்.

இனி எச்டிஎச். அது நூலின் பருமனைச் சொல்லும் பழைய குறி. ஏ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு விட்டம். அடுத்தடுத்த எழுத்துக்கு ஐந்தைந்தாகக் குறையும். டி என்றால் 45, எச் என்றால் 25. ஆக எச்டிஎச் என்பது இரண்டு முனையும் மெலிந்து நடுவில் பருத்த நூல். பட்டு நூல் மட்டும் இருந்த காலத்தில் விட்டம் தெரிந்தாலே எடை தெரிந்துவிடும். நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்தபின் ஒரே விட்டத்தில் வேறு வேறு எடை கொண்ட நூல்கள் கடைக்கு வந்தன, எழுத்துகள் பயனற்றுப்போயின. 1961-இல்தான் முதல் 30 அடியின் எடையை வைத்து எண் கொடுக்கும் முறை வந்தது. உங்கள் எச்டிஎச் இன்றைய 6-ஆம் எண்ணுக்கு ஏறத்தாழச் சமம், அதாவது 30 அடிக்கு 160 கிரெயின், பத்து கிராமுக்குச் சற்று மேல். எண் இல்லாமல் எழுத்து மட்டும் இருப்பதால் உங்கள் கோல் 1961-க்கு முந்தையதாக இருக்கும் வாய்ப்பு மிகுதி.

மூங்கில்நேசன்

பழங்கோல் ஐயா சொன்னதில் பிழை இல்லை. ஆனால் கண்ணாடியிழை தன் தகுதியால் வென்றது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. நல்ல ஃபிளை ராட் என்றால் அது டோங்கின் மூங்கில். சீனாவின் குவாங்டோங்கில் மட்டும் சிறப்பாக வளரும் மூங்கில் அது. இழை நெருக்கமானது, கணு இடைவெளி நீளமானது. கொரியப் போரில் சீனா இறங்கியதும் 1950 டிசம்பரில் அமெரிக்கா வணிகத் தடை விதித்தது. 1971 வரை அது நீங்கவில்லை. இருபது ஆண்டுகள் மூலப்பொருளே வராவிட்டால் எந்தத் தொழில் பிழைக்கும்? கையிருப்பு வைத்திருந்த சிலர் தாக்குப்பிடித்தார்கள், மற்றவர்கள் கடையை மூடினார்கள். அந்த வெற்றிடத்தில்தான் கண்ணாடி நுழைந்தது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. டோங்கின் வருவதற்கு முன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கைவினைஞர்கள் பிளந்து ஒட்டியது "கல்கத்தா மூங்கில்". இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. அந்தக் காலக் கோல்களில் தீய்ந்த கறுப்புத் திட்டுகளை இன்றும் பார்க்கலாம்.

பழங்கோல்

நேசன், உங்கள் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். வொண்டர்ராட் வந்தது 1947. தடை வந்தது 1950 டிசம்பர். தடைக்கு மூன்று ஆண்டுகள் முன்பே கண்ணாடிக் கோல் கடைக்கு வந்துவிட்டது. தடை மூங்கிலின் கழுத்தை இறுக்கியது உண்மை, கண்ணாடியைப் பெற்றெடுத்தது தடை அல்ல.

நான் என் தலைமுறையின் பார்வையில் சொல்கிறேன். மூங்கில் கோலை நனைந்தபடி பையில் போட்டால் வளைந்துவிடும். வார்னிஷ் உரியும். கார் கதவில் சிக்கினால் அத்துடன் முடிந்தது. தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து நேரே ஆற்றுக்குப் போகும் ஒருவர் அத்தனை பக்குவம் பார்க்க முடியுமா? கண்ணாடிக் கோலைப் படகின் அடியில் ஒரு வருடம் போட்டுவைத்து எடுத்தாலும் நேராக இருக்கும். ஃபிளை மீன்பிடிப்பைச் சாதாரண மனிதரின் கைக்குக் கொண்டுவந்தது அந்தக் கோல். அந்தப் பெருமையை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

இழைப்பொறியாளர் (பெங்களூரு)

நான் மீன் பிடிப்பவன் அல்ல. பதினான்கு ஆண்டுகளாகக் கலப்புப்பொருள் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இந்த உரையாடலைப் படித்தபோது நாங்கள் தினமும் செய்யும் வேலையின் தாத்தாவைப் பார்த்தது போல் இருந்தது. செய்முறையைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

ஆற்றங்கரை குறிப்பிட்ட சுருள் வரிகள்தான் செய்முறையின் கைரேகை. கண்ணாடிக் கோல் செய்ய இரண்டு பெருவழிகள் இருந்தன. ஒன்று ஹோவல்ட் முறை. தொடக்க வடிவத்தில் நடுவில் பால்சா மரம் இருந்தது. பிறகு உள்ளே சுருளாக ஓர் அடுக்கு, அதன்மேல் கோலின் நீளவாக்கில் இணையாக ஓடும் இழைகள் என்று உள்ளீடற்ற குழாயாக மாறியது. வளைக்கும்போது இழுவிசையைத் தாங்குவது நீளவாக்கு இழை, குழாய் நசுங்காமல் காப்பது உள்சுருள். இந்த வேலைப் பங்கீட்டை 1940-களிலேயே ஒருவர் புரிந்துகொண்டு செய்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மற்றது துணி உருட்டும் முறை. பின்னாளில் பெரும்பாலானோர் இதற்குத்தான் வந்தார்கள். பிசினில் தோய்த்த கண்ணாடித் துணியை நீண்ட கொடிபோல் ஒருபக்கம் அகலமாக, மறுபக்கம் குறுகலாக வெட்டுவார்கள். அதன் ஓரத்தைக் கூம்பி இறங்கும் எஃகுக் கம்பியில் இஸ்திரிப் பெட்டிபோல் சூடான கருவியால் ஒட்டவைப்பார்கள். அந்தக் கம்பிக்கு மாண்ட்ரல் என்று பெயர். அழுத்தமான இரண்டு பலகைகளுக்கு நடுவே கம்பியை ஒரே உருட்டு, சப்பாத்திக் கட்டையில் பாய் சுற்றுவது போல் துணி இறுகச் சுற்றிக்கொள்ளும். அதன்மேல் செலோஃபேன் நாடாவை இழுத்துப் பிடித்துச் சுருளாகச் சுற்றி அடுப்பில் தொங்கவிடுவார்கள். சூட்டில் செலோஃபேன் சுருங்கி, உள்ளே இருக்கும் காற்றையும் மிகைப் பிசினையும் பிதுக்கி வெளியேற்றும். ஆறியபின் கம்பியை உருவிவிட்டு நாடாவைக் கிழித்தெறிவார்கள். நாடாவின் ஒவ்வொரு விளிம்பும் பிசினில் ஒரு வரியை விட்டுப்போயிருக்கும். சிலர் அதைத் தேய்த்து மழமழவென்று ஆக்கினார்கள், சிலர் அப்படியே விட்டார்கள்.

இதில் கோலின் குணம் முழுவதும் இரண்டே இடங்களில் முடிவாகிவிடுகிறது. மாண்ட்ரல் எப்படிக் கூம்புகிறது, துணி எந்த வடிவத்தில் வெட்டப்பட்டது. பொருள் ஒன்றே ஆனாலும் இந்த இரண்டும் மாறினால் வேறு கோல். நீங்களெல்லாம் கோலைப் பொருளின் பெயரால் அழைக்கிறீர்கள். என் கண்ணுக்கு அது மாண்ட்ரலை வடிவமைத்தவருடைய கோல்.

மூங்கில்நேசன்

கடைசி வரியை முழுமனதோடு ஏற்கிறேன். மூங்கிலிலும் அதுதான், இழைப்புளி போகும் அளவில் இருக்கிறது உயிர். அந்த வகையில் கண்ணாடியிலும் கலைஞர்கள் இருந்தார்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். கலிபோர்னியா பாசடீனாவில் ரஸ் பீக் என்பவர் கண்ணாடிக் கோல்களைத் தனித்தனியாகக் கையால் சீர்செய்து கொடுத்தார். ஒரு நண்பரின் தயவில் அவருடைய கோல் ஒன்றை அரை மணி நேரம் வீசிப் பார்த்தேன். நுனியில் தொடங்கிய வளைவு நூலின் எடை கூடக்கூடப் பிடியை நோக்கி இறங்கி வந்தது, எங்கேயும் தயங்கவில்லை. கோலைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஆற்றங்கரை

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மிக்க நன்றி. இப்படியிருந்த கண்ணாடி ஏன் ஒரேயடியாகக் காணாமல்போனது? முதல் கிராஃபைட் ஃபிளை ராட் யார் செய்தது என்று தேடினால் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பெயர் வருகிறது.

வடகடல் (நியூகாசில்)

அமெரிக்கப் பெயர்களாகவே போய்க்கொண்டிருக்கிறது, அதனால் வருகிறேன். அமெரிக்காவில் யூனியன் கார்பைடின் ரோஜர் பேக்கன் 1958-இல் ஆய்வுக்கூடத்தில் கிராஃபைட் இழைகளைக் கண்டார். ஜப்பானில் ஒசாகா அரசு ஆய்வு நிலையத்தின் அகியோ ஷிண்டோ அக்ரிலிக் இழையிலிருந்து கார்பன் இழை செய்தார். அதை உண்மையான வலிமையுடன் செய்து காட்டியது எங்கள் ஃபார்ன்பரோ. அரச விமான ஆய்வு நிலையத்தில் வாட், ஃபிலிப்ஸ், ஜான்சன் மூவரும் 1960-களின் முதற்பாதியில் செய்த வேலை அது. ரோல்ஸ்-ராய்ஸ் அதை நம்பி ஆர்பி211 எஞ்சினுக்கு விசிறி இதழ்கள் செய்தது. பறவை மோதும் சோதனையில் அவை உடைந்தன. 1971-இல் நிறுவனமே திவாலானது. விமானம் கைவிட்ட இழை தூண்டில்காரனிடம் வந்து சேர்ந்தது. இங்கே வடக்கில் ஆனிக்கில் இருக்கும் ஹார்டி நிறுவனம் ஃபார்ன்பரோவுடன் சேர்ந்து கார்பன் கோல்களைச் சோதித்தது. ரிச்சர்ட் வாக்கர் போன்ற பெரிய மீன்பிடி எழுத்தாளர் அதில் நேரடியாகப் பங்கெடுத்தார்.

பெயரைக் கவனியுங்கள். அமெரிக்கர்கள் கிராஃபைட் என்றார்கள், நாங்கள் கார்பன் என்கிறோம். பொருள் ஒன்றுதான். கோலில் இருப்பது கார்பன் இழை, ஆகவே எங்கள் பெயரே சரி.

பழங்கோல்

வடகடல் சொன்ன முன்கதை சரி. ஆனால் கடைக்கு வந்து மனிதர்கள் காசு கொடுத்து வாங்கிய ஃபிளை ராட் என்று பார்த்தால் வெற்றிமாலை ஃபென்விக் நிறுவனத்தின் எச்எம்ஜி கோலுக்குத்தான் போக வேண்டும். 1973-இல் அறிமுகம். வாஷிங்டன் மாநிலத்தில் கென்ட் நகரத்தருகே உள்ள ஃபென்விக் ஏரியின் பெயரால் தொடங்கிய நிறுவனம் பிறகு கலிபோர்னியாவுக்குப் போனது. அங்கே வடிவமைத்தவர் ஜிம் கிரீன், நூல் வீச்சுப் போட்டிகளில் பெயர் பெற்றவர். வீசத் தெரிந்தவரே வடிவமைத்தது பெரிய வேறுபாடு. கிராஃபைட்டுக்கு முன்பே அவர் கண்ணாடிக் கோலில் ஃபெராலைட் என்ற மூட்டைக் கொண்டுவந்திருந்தார். உலோகமே இல்லை, கண்ணாடி மேல் கண்ணாடி. நடுவில் விறைத்து நிற்கும் உலோகத் துண்டு போனதும் கோல் முழுவதும் ஒரே வளைவாக வளைந்தது. தம்பி, உங்கள் கையில் சிக்கியிருக்கும் மூட்டைப் பாருங்கள், அந்தக் கண்டுபிடிப்பின் அருமை புரியும்.

ஷேக்ஸ்பியரின் கதை எனக்கு மனவருத்தம் தரும். கோல்ஃப் மட்டைக்கு முதல் கிராஃபைட் தண்டை 1969-இல் செய்தவர் ஃபிராங்க் தாமஸ். அப்போது அவர் வேலை பார்த்தது ஷேக்ஸ்பியரில்! கண்ணாடியை ஆற்றுக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் கூரையின்கீழேயே கிராஃபைட் இருந்தது. ஆனாலும் ஃபிளை ராடில் ஃபென்விக் முந்திக்கொண்டது. ஃபிளை அல்லாத மீன்கோல் என்று பார்த்தால் ஜப்பானின் ஒலிம்பிக் நிறுவனம் 1972-இலேயே அயு மீனுக்கான நீளக் கோலைக் கார்பனில் விற்றுவிட்டது. எட்டு ஒன்பது மீட்டர்க் கோலைக் கையில் பிடித்து நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு எடை குறைவது எவ்வளவு பெரிய விடுதலை!

இழைப்பொறியாளர்

எண்களில் சொன்னால் விளங்கும். விறைப்பைக் காட்டும் அளவு சாதாரணக் கண்ணாடியிழைக்குச் சுமார் 72 ஜிகாபாஸ்கல். தொடக்ககாலக் கார்பன் இழைக்குச் சுமார் 230. அடர்த்தியோ கண்ணாடிக்கு 2.5-க்கு மேல், கார்பனுக்கு 1.8-க்குள். மூன்று மடங்கு விறைப்பு, மூன்றில் இரண்டு பங்கு எடை. விமானத் துறைக்காக வந்த எஸ்-கிளாஸ் என்ற கண்ணாடியிழை 86 வரை போனது. அதனாலும் இந்த இடைவெளியை நிரப்ப முடியவில்லை. கோலின் நுனி எடை குறைந்தால் வீச்சு முடிந்ததும் நுனி உடனே அடங்கும், நூல் வேகமாகப் போகும். கடை வாசலில் கோலை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பவருக்கு இது உடனே தெரிந்துவிடும். நீளமான கோலிலும் கனமான நூலிலும் கிராஃபைட் உண்மையாகவே சிறந்தது.

ஆனால் கார்பன் நொறுங்கும். கண்ணாடி அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீண்டு கொடுத்த பிறகே முறியும். முதல் கிராஃபைட் கோல்கள் உடைந்ததற்குப் பெரிய காரணம் குழாயின் வட்டம் முட்டைபோல் நசுங்கியது. எல்லா இழையும் நீளவாக்கில் ஓடினால் குறுக்கே தாங்க யாரும் இல்லை. அதனால் உள்ளே மெல்லிய கண்ணாடித் துணியை ஓர் அடுக்காக வைத்தார்கள், ஸ்க்ரிம் என்பார்கள். கிராஃபைட் நிற்கக் கண்ணாடி தோள்கொடுத்தது. ஹோவல்டின் உள்சுருள் செய்த அதே வேலை அது.

காலைப்பனி

குறுக்கே ஒரு கேள்வி. பழைய கோல் விற்பவர்கள் ஐஎம்6 என்று பெருமையாகப் போடுகிறார்களே, அது தரச் சான்றா?

இழைப்பொறியாளர்

இல்லை. ஹெர்குலிஸ் நிறுவனம் தான் செய்த ஓர் இழைக்கு வைத்த வணிகக் குறி அது. 1980-களில் வின்ஸ்டன், லூமிஸ் போன்ற கோல் செய்பவர்கள் அந்த இழையில் நல்ல கோல்கள் செய்தார்கள், அதனால் பெயர் மதிப்புப் பெற்றது. பிறகு எந்த இழையில் செய்தவர்களும் அந்த எழுத்துகளை ஒட்டிக்கொண்டார்கள். இழையின் பெயரைப் பார்த்துக் கோல் வாங்குவது அரிசி மூட்டையின் பெயரைப் பார்த்துச் சமையலை மதிப்பிடுவது போல.

பழங்கோல்

அதோடு ஒன்று சேர்க்கிறேன் காலைப்பனி. 1970-களுக்குப் பின்வந்த கோல்களில் செருகுமூட்டு பார்த்து வாங்குங்கள். ஆண் துண்டை முழுதும் செருகியபின் இரண்டு துண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். புதியவர்கள் அதைக் குறை என்று நினைப்பார்கள். உண்மையில் தேய்மானத்துக்காக விட்ட இடம் அது. இடைவெளி இல்லாமல் ஒட்டி நின்றால் மூட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள், வீசும்போது நுனி பறக்கும். ஒருமுறை ஒரு விற்பனையாளர் இடைவெளியே இல்லாத கோலை "கச்சிதமான மூட்டு" என்று எனக்கு அனுப்பிவைத்தார். மூன்றாம் வீச்சில் நுனித் துண்டு ஏரியில் விழுந்தது.

மூங்கில்நேசன்

ஆற்றங்கரையின் கேள்விக்கு என் பதில்: கண்ணாடி காணாமல்போகவில்லை. பெரிய நிறுவனங்கள் கைவிட்டன, அவ்வளவுதான். கிராஃபைட் வந்தபோது கண்ணாடியில் மேற்கொண்டு சிந்திப்பதை நிறுத்திவிட்டார்கள். சான்பிரான்சிஸ்கோவில் வின்ஸ்டன் செய்த ஸ்டாக்கர் என்ற மெல்லிய கண்ணாடிக் கோல் அந்தக் காலத்து உச்சம். சிற்றோடையில் இருபது அடித் தூரத்தில் மூன்றாம் எண் நூலை வைக்க அதைவிடப் பொருத்தமான கோலை நான் கண்டதில்லை. மூங்கில்காரன் சொல்கிறேன், நம்புங்கள்.

வடகடல்

ஷேக்ஸ்பியர் பெயர் வந்ததால்: என் படகில் வானொலிக்கான வெள்ளை ஆன்டெனா நிற்கிறது. அதிலும் அதே பெயர்தான். கோல் செய்த கை ஆன்டெனாவும் செய்திருக்கிறது. வெயிலும் உப்பும் பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் நேராக நிற்கிறது.

பழங்கோல்

தம்பி, மூட்டுக்கு வருகிறேன். மூட்டில் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் ஆண் பகுதிப் பக்கத்தில் பனிக்கட்டியை ஒரு துணியில் கட்டி வையுங்கள். பெண் பகுதியை உள்ளங்கையால் மட்டும் சூடுபடுத்துங்கள், நெருப்பு வேண்டாம். இருவர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் இரண்டு துண்டிலும் ஒவ்வொரு கை வைத்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் விடுபடும் நொடியில் கைகள் விலகி, கோல் எங்காவது மோதி உடையும்.

ஆற்றங்கரை

பிரிந்துவிட்டது! பெரியவரின் மகளைத்தான் துணைக்கு அழைத்தேன். மூன்றாம் முறை இழுத்தபோது "டப்" என்று புட்டியின் தக்கை திறப்பது போல் ஒரு சத்தம். ஆண் பகுதியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். கீழ்த் துண்டின் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது சுவரில் ஒரே திசையில் ஓடும் சுருள் தெரிந்தது. இழைப்பொறியாளர் எழுதிய உள்சுருளைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை 6-ஆம் எண் நூல் கட்டி ஏரிக்குப் போனோம். முதல் பத்து வீச்சும் தோல்வி. என் கிராஃபைட் பழக்கத்தில் அவசரப்பட்டுக்கொண்டே இருந்தேன், நூல் பின்னால் விரிவதற்குள் முன்னால் தள்ளினேன். கரையில் உட்கார்ந்திருந்த மகள், "அப்பா பின்வீச்சில் ஒரு மூச்சு விடுவார்" என்றார். ஒரு மூச்சு விட்டேன். கோல் பிடிவரை வளைந்து, நூல் முழுதாக விரிந்து, ஃபிளை தண்ணீரில் சத்தமில்லாமல் இறங்கியது. பிறகு கோலை அவரிடம் கொடுத்தேன். அவர் அதற்கு முன் ஒருமுறைகூட வீசியதில்லையாம்.

கீழிருந்து இரண்டாவது வளையத்தின் சிவப்பு நூல்கட்டு அவிழத் தொடங்கியிருக்கிறது. அந்தக் காலத்து நிறத்துக்குப் பொருந்தும் பட்டு நூல் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் கட்டிவிட வேண்டும், அவரும் வருகிறார்.